விறகு வெட்ட ஒரு நல்ல கத்தி: மலையக வீடுகளுக்கான முழு வழிகாட்டி

இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், இன்றைக்கும் விறகு அடுப்புதான் அடுப்பு. காஸ் வைத்திருக்கிற வீட்டிலும் பின்பக்கம் ஒரு மண்ணடுப்பு இருக்கும். குளிக்க வெந்நீர் போடவும், ரொட்டி சுடவும், மழைக்காலத்தில் நனைந்த உடுப்பைக் காயப்போடவும் அந்த அடுப்பு வேண்டும். 2022இல் காஸ் சிலிண்டருக்கு நாடே வரிசையில் நின்றபோது, டவுனில் இருக்கிறவர்களும் கத்தியையும் கோடாரியையும் தேடத் தொடங்கினார்கள். அப்போது அவசரத்தில் வாங்கிய கத்திகளில் பல இன்று கூரை இடுக்கில் துருவேறிக் கிடக்கின்றன. வாங்கும்போது நீளத்தையும் கனத்தையும் பார்த்தார்கள். வெட்டப்போகிற கையைப் பார்க்கவில்லை.

இந்த வழிகாட்டியில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதும் அந்தக் கையைப் பற்றித்தான். தோட்டத்து வீடுகளில் கத்தி வாங்கப் போவது ஆண்கள். ஆனால் மலையிலிருந்து கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்து, சோறு வைப்பதற்கு முன் நாலு மிலாறை, அதாவது கழித்த தேயிலைக் கிளையை, வெட்டிப்போடுவது பெரும்பாலும் அம்மாவோ அக்காவோ மருமகளோதான். கொல்லன் பட்டறைக்குப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். கீழே சொல்லப்போகிற அளவுகளையெல்லாம் அவருடைய கையில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

படி 1: முதலில் உங்கள் விறகைப் பாருங்கள்

கத்தியைப் பற்றி யோசிப்பதற்கு முன், ஒரு வருடத்தில் உங்கள் அடுப்புக்கு எந்த விறகு அதிகம் வருகிறது என்று பாருங்கள். கவ்வாத்து (தேயிலைச் செடியைக் கழித்து வெட்டுவது) முடிந்த மலையிலிருந்து வரும் தேயிலை மிலாறா, சவுக்கு என்று நாம் சொல்கிற கிரவீலியா மரத்தின் கிளையா, டர்பன்டைன் என்று நாம் சொல்கிற யூக்கலிப்டஸா, வேலியில் நிற்கிற கிளிசரியாவா? ஒவ்வொன்றும் கத்தியிடம் வேறு வேறு வேலை கேட்கும்.

தேயிலை மிலாறு மெல்லியதுதான். விரல் தடிப்பிலிருந்து மணிக்கட்டுத் தடிப்பு வரைக்கும் வரும். ஆனால் இறுக்கமான மரம். பச்சையாக இருக்கும்போது சுலபமாக வெட்டுப்படும்; இரண்டு மாதம் காய்ந்துவிட்டால் கத்தி துள்ளும். கவ்வாத்து ஒவ்வொரு மலையிலும் மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். வரும்போது மொத்தமாக விறகு கிடைக்கும். அந்த நாட்களிலேயே, ஈரம் இருக்கும்போதே, அடுப்பு அளவுக்குத் துண்டு போட்டுவிட்டுப் பிறகு காயவைப்பது புத்திசாலித்தனம். அப்படிச் செய்கிற வீட்டுக்குக் கனமான கத்தியே தேவைப்படாது.

சவுக்கு நேராகப் பிளக்கும், கையை வருத்தாது. கிளிசரியா, முள்முருங்கை, அல்பீசியா எல்லாம் மெல்லிய கத்திக்கே பணியும். டர்பன்டைன் அப்படியில்லை. அதன் நார் முறுக்கிக்கொண்டு ஓடும், காயக் காய இறுகும். அதையும் பச்சையிலேயே பிளந்துவிட வேண்டும். பைன் வெட்ட லேசு. ஆனால் பிசின் கத்தியில் ஒட்டிக்கொள்ளும், சட்டியில் கரியும் அதிகம் படியும்.

தனியாகச் சொல்ல வேண்டியது பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடவு செய்யும்போது கிடைக்கிற தூர். நெருப்பு நின்று எரியும், அருமையான விறகு. ஆனால் அந்த வேர்கள் பல வருடம் மண்ணுக்குள் வளர்ந்தபோது சின்னச் சின்னக் கல்லையெல்லாம் உள்ளே அணைத்துப் பிடித்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. நல்ல கத்தியின் வாய், அதாவது வெட்டுகிற ஓரம், ஒரே வெட்டில் பல் விழுந்துபோகும். தூருக்கு வீட்டில் இருக்கிற பழைய கோடாரியை எடுங்கள். புதுக்கத்தியைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள்.

பொதுவாக, மணிக்கட்டுத் தடிப்பு வரை கத்தி. அதற்கு மேலே போனால் மரம் அறுக்கிற வாளால் அறுத்து, கோடாரியால் பிளக்க வேண்டும். தொடைத் தடிப்புக் கட்டையையும் கத்தியாலேயே சமாளிக்கலாம் என்று நினைத்துத்தான் பலர் தேவைக்கு மேல் பெரிய கத்தியை வாங்கிவிடுகிறார்கள்.

இன்னொன்று. தோட்டத்து நிழல் மரங்கள் தோட்டத்துக்குச் சொந்தம். கிளை வெட்டினாலும் கேட்டுவிட்டு வெட்டுங்கள். பலா, ஈரப்பலா மரங்கள் உங்கள் சொந்தக் காணியிலேயே நின்றாலும், அனுமதி இல்லாமல் வெட்டச் சட்டம் இடம் தராது. பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும்.

படி 2: எந்த வகைக் கத்தி?

மலையகத்தில் கிடைக்கிற பெரிய கத்திகளை இப்படிப் பிரித்துப் பார்க்கலாம்.

மன்னாக் கத்தி. கொல்லன் பட்டறையில் அடித்தது. முதுகு தடித்து, நுனிப்பக்கம் கொஞ்சம் அகன்று, கனம் முன்னால் நிற்கும். மிலாறு வெட்டவும், கிளை கழிக்கவும், சவுக்குத் துண்டைப் பிளக்கவும் இதுதான் சரி. ஒரே ஒரு கத்திதான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள்.

கவ்வாத்துக் கத்தி வளைந்தது, மெல்லியது. தேயிலைக் கிளையை ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவி, வெட்டுவாய் பிளக்காமல் விடுவதற்காகச் செய்தது. கட்டையில் வைத்துக் கொத்தினால் வாய் மடங்கும், இல்லையென்றால் உடையும். வீட்டில் ஏற்கனவே இருக்கிறதே என்று இதை விறகுக்குப் பயன்படுத்துவது நல்ல கருவி ஒன்றைப் பாழாக்குவதுதான்.

கடைகளில் தொங்குகிற நீண்ட, மெல்லிய தகட்டுக் கத்திகள், வெளிநாட்டில் மெஷெட்டி என்று சொல்கிற வகை, புல், கொடி, வாழை, பச்சைக் கிளை வெட்டத் தோதானவை. பிரேசிலின் டிரமொண்டினா இந்த வகையில் பேர்பெற்றது. தகடு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர்தான் இருக்கும். வேகமாக வீசலாம், கை வலிக்காது. காய்ந்த விறகில் மட்டும் துள்ளி விலகும். மரக்கறித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். விறகு வெட்டச் சொல்லமாட்டேன்.

நேபாளத்துக் குக்ரியைப் பற்றியும் இப்போது இளையவர்கள் நிறைய விசாரிக்கிறார்கள். வளைவினால் கனம் முன்னே போய் விழும், விறகு வெட்ட உண்மையிலேயே நல்ல வடிவம். நேபாளக் கொல்லர்கள் கெண்டியிலிருந்து தண்ணீரை வாயோரம் மட்டும் ஊற்றிக் குளிரவைப்பார்கள். வாய் கடினமாகவும் முதுகு மெதுவாகவும் நிற்கும். ஆனால் பிடி நம்மவர் பலருக்குச் சின்னது. அலங்காரத்துக்கென்று செய்து விற்பதும் நிறைய. பட்டறைக் கத்தி கிடைக்கிற ஊரில் அதைத் தேடி ஓட வேண்டியதில்லை.

எவர்சில்வர் போல மின்னுகிற பெரிய கத்திகளை விட்டுவிடுங்கள். அடிவாங்குகிற வேலைக்கு மலிவான எவர்சில்வர் இரும்பு தாங்காது.

படி 3: நீளம், கனம், சமநிலை

இந்தப் படிக்குத்தான் வீட்டில் விறகு வெட்டுகிறவர் கூடவே இருக்க வேண்டும்.

வெட்டின் பலம் கனத்தில் இருப்பதைவிட வேகத்தில்தான் அதிகம். கனத்தை இரட்டிப்பாக்கினால் அடியின் சக்தியும் இரட்டிப்பாகும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்காகும். அதனால் வேகமாக வீச முடிகிற 600 கிராம் கத்தி, தூக்கவே திணறுகிற 1 கிலோ கத்தியைவிட நன்றாக வெட்டும். களைத்த கைக்கு இது இன்னும் பொருந்தும். நாள் முழுக்கக் கொழுந்து பறித்த கைவிரல்கள் சாயங்காலம் எப்படி இருக்கும் என்று பறிப்பவர்களுக்குத் தெரியும்.

சராசரிப் பெண் கைக்கு வாய் நீளம் 11, 12 அங்குலமும் மொத்தக் கனம் 450 முதல் 600 கிராமும் போதும். பலமான கைக்கு 13, 14 அங்குலம், 650 முதல் 800 கிராம். 16 அங்குலத்துக்கு மேல் போனால் லயத்துப் பின்வாசல் மாதிரி ஒடுங்கிய இடத்தில் வீச இடம் இருக்காது. பக்கத்து வீட்டுத் தகரத்தில் படும், கொடிக்கம்பியில் மாட்டும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது இப்படிச் செய்யுங்கள். கையை முன்னால் நீட்டி, கத்தியைப் படுக்கையாகப் பிடித்து, மணிக்கட்டை மட்டும் அசைத்து நுனியைப் பத்துத் தடவை மேலே கீழே ஆட்டச் சொல்லுங்கள். ஏழாவது எட்டாவது தடவையில் நுனி தானாகத் தொங்கினால், அந்தக் கத்தி அந்தக் கைக்குக் கனம். வேறு எடுங்கள்.

அப்புறம் சமநிலை. கத்தியை ஒரு விரல்மேல் குறுக்காக வைத்து நிறுத்துங்கள். பிடி முடிகிற இடத்திலிருந்து 5 முதல் 7 சென்ரிமீற்றர் முன்னால் அது நின்றால் விறகுக்குச் சரி. பிடியிலேயே நின்றால் அது வீச லேசாகத் தெரியும், வெட்டு ஏறாது. நீளத்தின் நடுப்பகுதிக்குப் போய்விட்டால் மணிக்கட்டுக்கு நோவு வரும்.

படி 4: முதுகும் வாயும்

பிடிக்குப் பக்கத்தில் முதுகு 5, 6 மில்லிமீற்றர் தடிப்பும், நுனிக்குப் போகப் போக 3, 4 மில்லிமீற்றராக ஒடுங்கியும் இருப்பது நல்லது. கடைசிவரை ஒரே தடிப்பில் இருந்தால், கொல்லர் இரும்புப் பட்டையை வெட்டிச் சாணை மட்டும் பிடித்திருக்கிறார், அடித்து இழுக்கவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கத்தியை நுனிப்பக்கமாகத் திருப்பி, குறுக்குவெட்டில் பாருங்கள். முதுகிலிருந்து வாய்க்கு வருகிற பக்கங்கள் லேசாக உப்பி வந்து வாயில் சேர வேண்டும். அப்படி இருந்தால் மரத்தில் இறங்கும், பிளக்கும், இழுத்தால் வெளியே வரும். பக்கங்கள் உள்ளே குழிந்து வாய் மட்டும் பிளேடு போல மெலிந்திருந்தால், பார்க்கக் கூராகத் தெரியும். ஒரு வாரத்தில் அலையலையாக வாய் மடங்கும். தடித்து நேராக வந்து கடைசியில் மட்டும் சட்டென்று கூர் வைத்திருந்தால், அது மரத்தை வெட்டாமல் நசுக்கும்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு வாயோரமாகப் பார்வையை ஓட்டுங்கள். வளைவு, திருகல் இருந்தால் அப்போதே தெரிந்துவிடும். திருகின கத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். கூர் வைத்துச் சரிப்படுத்த முடியாது.

படி 5: இரும்பும் தோய்ச்சலும்

நல்ல கத்தியையும் கெட்ட கத்தியையும் பிரிப்பது இதுதான். கண்ணுக்குத் தெரியாதது, அதனால் ஏமாறுவதும் இங்கேதான் அதிகம்.

நம் பக்கத்துக் கொல்லர்கள் பெரும்பாலும் லொறி, ஜீப் ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடிக்கிறார்கள். மிக நல்ல இரும்பு அது. கரி (காபன்) ஏறத்தாழ 0.5 முதல் 0.6 வீதம் இருக்கும். தோய்ச்சலும் ஏற்கும், அடியும் தாங்கும். ஆனால் வருடக்கணக்கில் மலைப்பாதையில் குலுங்கி ஓடிய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஓடியிருக்கலாம். துளை போட்ட இடத்தையும், உடைந்த முனையையும் வெட்டி எறிந்துவிட்டு நல்ல பகுதியில் அடிக்கிறாரா என்று கேளுங்கள். கட்டடக் கம்பி, சாதாரண இரும்புப் பட்டை ஆகியவற்றில் அடித்த கத்தி தோய்ச்சலே ஏற்காது. எவ்வளவு தீட்டினாலும் மறுநாள் மொட்டையாகிவிடும்.

தோய்ச்சல் என்பது இரண்டு கட்டம். முதலில் இரும்பைச் சிவக்கக் காய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பது. இரும்பு சுமார் 770 பாகை செல்சியசில் காந்தத்தில் ஒட்டாத நிலைக்கு வரும். அதற்குக் கொஞ்சம் மேலே, 830, 850 அளவில் எடுத்து எண்ணெயில் தோய்க்க வேண்டும். ஸ்பிரிங் இரும்பைத் தண்ணீரில் போட்டால் வெடிக்கும் ஆபத்து இருக்கிறது. கொல்லர்களுக்கு வெப்பமானி கிடையாது, நிறம்தான் கணக்கு. பட்டறைகள் பட்டப்பகலிலும் இருட்டாக இருப்பது அதற்காகத்தான். வெயில் வெளிச்சத்தில் இரும்பின் சிவப்பைச் சரியாகப் பார்க்க முடியாது.

முதல் கட்டம் முடிந்த இரும்பு கண்ணாடி மாதிரி கடினம், கண்ணாடி மாதிரியே உடையும். அதனால் இரண்டாவது கட்டமாக மெதுவாகத் திரும்பவும் சூடாக்கிப் பதம் இறக்க வேண்டும். துடைத்துப் பளபளப்பாக்கிய இரும்பைச் சூடாக்கும்போது முதலில் வைக்கோல் மஞ்சள் நிறம் ஓடும், பிறகு செம்மண் நிறம், ஊதா, கடைசியில் நீலம். சவரக்கத்தியை மஞ்சளில் நிறுத்துவார்கள். விறகுக் கத்திக்கு ஊதாவிலிருந்து நீலத்துக்குப் போகிற இடம், அதாவது 280, 300 பாகைப் பக்கம், நல்ல பதம். கொஞ்சம் கூர் சீக்கிரம் மழுங்கினாலும் பரவாயில்லை, அரத்தால் தீட்டிக்கொள்ளலாம். வாய் உடைந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

முதுகை விட்டுவிட்டு வாய்ப்பக்கம் இரண்டு விரல் அகலம் மட்டும் தோய்க்கிற கொல்லரைக் கண்டால் விடாதீர்கள். அந்தக் கத்தி முதுகில் அடிவாங்கிப் பிளக்கவும் தாங்கும்.

சரி, வாங்குகிறவர் இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? ஒரு புது அரத்தைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். வாயோரத்தில் மெதுவாக ஒரு இழுப்பு. அரம் வழுக்கிக்கொண்டு ஓடினால் வாய் அதிகக் கடினம், பல் விழும். வெண்ணெயில் போவது போல இறங்கினால் தோய்ச்சலே இல்லை. பிடித்து, ஆனால் எதிர்த்து நின்று, மெல்லிய தூள் விழுந்தால் அதுதான் பதம். வாயோரம் முழுக்க மூன்று நான்கு இடத்தில் செய்து பாருங்கள். பிடிப்பக்கம் பிடித்து, நுனிப்பக்கம் வழுக்கினால் சூடு சீராக ஏறவில்லை.

அடுத்தது சத்தம். கத்தியைப் பிடியருகே இரண்டு விரலால் தொங்கவிட்டு, முதுகில் ஒரு சாவியால் தட்டுங்கள். மணிபோல நீண்டு ஒலித்தால் நல்லது. பிடி இறுக்கமாக இருந்தும் சத்தம் சட்டென்று செத்துவிட்டால், எங்கோ வெடிப்பு இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். கடைசியாக, கொல்லர் சம்மதித்தால், அங்கேயே ஒரு காய்ந்த கொம்பை நாலு வெட்டு வெட்டி, வாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வாயோரம் வெள்ளைப் புள்ளியாக மின்னினால் அங்கே மடங்கியிருக்கிறது. தன் வேலையில் நம்பிக்கையுள்ள கொல்லர் இந்தச் சோதனைக்கு மறுக்கமாட்டார். பலர் தாங்களாகவே செய்துகாட்டுவார்கள்.

இரும்பு வேலை இந்த மலைகளுக்குப் புதிதல்ல. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில், 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடையில், மேற்குச் சரிவுகளில் உலைகளை வரிசையாகக் கட்டி, தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக்கி இரும்பு உருக்கியிருக்கிறார்கள். அங்கே நீர்த்தேக்கத்தில் நீர் நிரம்புவதற்கு முன் நடந்த அகழ்வில் இது தெரியவந்தது. ஆய்வு 1996இல் வெளியானது. இன்று தெருவோரப் பட்டறையில் துருத்தி ஊதுகிறவரோடு பத்து ரூபாய்க்குப் பேரம் பேசும்போது எனக்கு அது நினைவுக்கு வரும்.

படி 6: பிடி

பிடியைச் சாதாரணமாக மூடிப் பிடிக்கும்போது விரல் நுனிகள் உள்ளங்கைச் சதையை லேசாகத் தொட வேண்டும். இடைவெளி விட்டால் பிடி தடிப்பு, கை சீக்கிரம் களைக்கும். விரல்கள் சதையில் அழுந்தினால் மெலிவு, கத்தி கைக்குள் சுழலும். நீளம் உள்ளங்கை அகலத்தைவிட இரண்டு விரல் கூடுதலாக இருக்கட்டும். பின்முனை கீழே கொஞ்சம் வளைந்து தடித்திருந்தால், ஈரக்கையிலிருந்து நழுவிப் பறக்காது. மழையும் மூடுபனியும் உள்ள ஊரில் இந்த வளைவு இல்லாத கத்தியை நான் யாருக்கும் வாங்கச் சொல்லமாட்டேன்.

கத்தியின் வால் பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று கேளுங்கள். பிடியின் முழு நீளத்துக்கும் போய், மூன்று ஆணி அறைந்திருந்தால் நிம்மதி. வாலைச் சூடாக்கி மரத்துக்குள் இறக்கி, முன்னால் இரும்புப் பூண் போட்ட பழைய முறையும் நல்லதுதான். ஆனால் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும், வால் பிடியில் பாதிக்கு மேலாவது போக வேண்டும். இரண்டு விரல் நீள வாலோடு வருகிற கத்தியின் பிடி ஒருநாள் கழன்று, கத்தி மட்டும் பறக்கும். இஸ்தோப்பில் பிள்ளைகள் விளையாடுகிற வீட்டில் அதை நினைத்துப் பாருங்கள்.

கொய்யா மரப் பிடி எனக்குப் பிடிக்கும். இறுக்கம், வெடிக்காது, கைபட்டுக் கைபட்டு வழவழப்பாகும். வார்னிஷ் பூசியிருந்தால் சுரண்டி எடுத்துவிடுங்கள், அது வியர்வையில் வழுக்கும், கொப்புளம் போடும். பிளாஸ்டிக் பிடி ஈரத்துக்குக் கெடாது, ஆனால் உடைந்தால் மாற்ற வழியில்லை.

படி 7: எங்கே, எப்படி வாங்குவது

ஹாட்வெயார் கடையிலும் கிடைக்கும், வாரச் சந்தையிலும் கிடைக்கும். முடிந்தால் பட்டறைக்கே போங்கள். சொல்லிச் செய்விப்பதில் உள்ள லாபம், உங்கள் வீட்டுக் கைக்கு அளவெடுத்து வருவதுதான். கேட்க வேண்டியதைக் கேட்க வெட்கப்படாதீர்கள்.

"பாஸ், இது எந்த இரும்பு? வாய் மட்டும் தோய்ப்பீங்களா, முழுசுமா? வால் எவ்வளவு தூரம் போகும்? வெட்டப்போறது எங்க அக்கா, அவங்க கையைப் பாத்துப் பிடி போடுங்க."

இவ்வளவும் கேட்டால் போதும், நீங்கள் சும்மா வந்தவர் இல்லை என்று அவருக்குத் தெரியும். அடுத்த வாரம் வந்து எடுக்கச் சொன்னால் காத்திருங்கள். அன்றைக்கே தருகிறேன் என்று கறுப்புப் பெயின்ட் அடித்த கத்தியை எடுத்துக் கொடுத்தால், பெயின்ட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அரம் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பஸ்ஸில் கொண்டுவரும்போது வாயை அட்டையில் மடித்து, சாக்கில் சுற்றி, பைக்கு அடியில் வையுங்கள். கையில் வெறுமனே பிடித்துக்கொண்டு நடந்தால் பொலிஸார் நிறுத்தி விசாரிப்பார்கள், அது நியாயமும்கூட.

படி 8: முதல் கூர்

பட்டறையிலிருந்து வரும் கத்தியின் கூர் பெரும்பாலும் பாதிதான். வீட்டில் ஒருமுறை நீங்கள் வைக்க வேண்டும். விறகுக்குப் பக்கத்துக்கு 20 பாகை போதும். அதை அளக்கச் சுலபமான வழி: கல்லில் கத்தியைப் படுக்கவைத்து, கத்தியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்குங்கள். அகலம் 6 சென்ரிமீற்றர் என்றால் 2 சென்ரிமீற்றர் உயரம். ஏறத்தாழ 20 பாகை வந்துவிடும்.

முதலில் அரம். வாயிலிருந்து முதுகுப் பக்கமாக அல்லாமல், முதுகுப் பக்கமிருந்து வாய்க்கு வெளியே போகும்படி ஒரே திசையில் தள்ளினால் கை வெட்டுப்படுகிற ஆபத்துக் குறைவு. மறுபக்கம் மெல்லிய பிசிறு எழும்புவதை விரலால் தடவி உணரலாம். விரலை வாயின் நீளத்துக்கு ஓட்டாமல், குறுக்காக வெளிப்பக்கம் தடவுங்கள். பிசிறு நீளம் முழுக்க வந்ததும் மறுபக்கம். பிறகு எண்ணெய்க்கல்லில் இரண்டு பக்கமும் மாறிமாறி லேசாகத் தேய்த்தால் முடிந்தது. தாளை அறுக்கிற கூர் தேவையில்லை.

கரண்ட் கிரைண்டரை மட்டும் தள்ளி வையுங்கள். வாயோரம் சூடேறி நீலத்தையும் தாண்டிவிட்டால், கொல்லர் பார்த்துப் பார்த்து வைத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது. அந்த நிறத்தைத் தேய்த்தெடுத்தாலும் கீழே இரும்பு மெதுவாகத்தான் இருக்கும்.

படி 9: வெட்டுகிற முறை

முழங்கால் உயரத்துக்கு ஒரு கட்டையைச் சமதரையில் போடுங்கள். கல்லிலோ சிமென்ட் படியிலோ வைத்து வெட்டினால் இதுவரை பார்த்துப் பார்த்து வாங்கியது எல்லாம் வீண். விறகைக் கட்டையின் உங்களுக்கு எதிர்ப்பக்க ஓரத்தில் வையுங்கள். வெட்டுத் தவறினால் கத்தி கட்டையில் இறங்கும், காலில் அல்ல. கால்களை அகட்டி நில்லுங்கள். ஈரச் செருப்போடு சரிவில் நின்று வெட்ட வேண்டாம்.

மிலாறைக் குறுக்கே நேராக வெட்டினால் கத்தி துள்ளும். 45 பாகை சாய்த்து ஒரு வெட்டு, எதிர்ச்சாய்வில் இன்னொரு வெட்டு. நார் நறுக்கென்று விடும். பிடித்திருக்கிற கை, வெட்டு விழுகிற இடத்திலிருந்து ஒரு முழம் தள்ளியே இருக்கட்டும். துண்டு சின்னதாகிவிட்டால் கையால் பிடிக்காமல் இன்னொரு கொம்பால் அழுத்திக்கொள்ளுங்கள்.

பிளப்பதற்கு வீச வேண்டிய அவசியமே இல்லை. துண்டைக் கட்டையில் நிறுத்தி, கத்தி வாயை அதன் தலையில் வைத்து, முதுகில் ஒரு மரக்கொட்டாப்பிடியால் தட்டுங்கள். கத்தி நுனி மறுபக்கம் மூன்று விரல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், கத்தி உள்ளே இறங்கியதும் அந்த நுனியில்தான் தட்டப்போகிறோம். சுத்தியலால் தட்டக் கூடாது. கணு இருக்கிற இடத்தைத் தவிர்த்துப் பக்கத்திலிருந்து தொடங்குங்கள். கத்தி சிக்கிக்கொண்டால் பக்கவாட்டில் நெம்பாதீர்கள், ஒரு மர ஆப்பை வெடிப்பில் இறக்கினால் தானாக விடும். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இந்த முறையைத்தான் நான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். தோள்பட்டை நோகாது, அடி தவறாது.

வெட்டுப்பட்டுவிட்டால், சுத்தமான துணியை மடித்து வைத்து, பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள் வைப்பதை விட்டுவிடுங்கள், தையல் போடுகிறவருக்கு அதைக் கழுவுவதே பெரிய வேலை. இரத்தம் நிற்கவில்லை என்றால் 1990க்கு அழையுங்கள், அந்த அம்பியூலன்ஸ் இலவசம். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எவ்வளவு நாளாகிறது என்று ஆஸ்பத்திரியில் கட்டாயம் கேட்பார்கள்.

படி 10: மூடுபனி ஊரில் கத்தியைக் காப்பது

ஹட்டன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் இரும்பு ஓர் இரவில் துருவேறும். வெட்டி முடித்ததும் துடையுங்கள். தேயிலை, டர்பன்டைன் சாற்றில் இருக்கிற துவர்ப்பு இரும்பைக் கறுக்கவைக்கும். அந்தக் கறுப்பினால் கெடுதல் இல்லை, செம்மஞ்சள் துருதான் எதிரி. பிசின் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் எடுங்கள்.

பிறகு தேங்காய் எண்ணெய். நுவரெலியாக் காலையில் அது உறைந்து கிடக்கும். அடுப்போரத்தில் போத்தலை வைத்து இளக்கி, கத்தியையும் கொஞ்ச நேரம் அடுப்புப் பக்கம் வைத்து வெதுவெதுப்பானதும் பூசினால் நன்றாகப் பிடிக்கும். ஆனால் கத்தியைத் தணலுக்குள் நுழைத்து விறகு கிளறுகிற பழக்கம் வேண்டவே வேண்டாம். 300 பாகைக்கு மேல் போனால் தோய்ச்சல் இறங்கிவிடும், தணல் அதைவிட எவ்வளவோ சூடு.

தோல் உறை ஈரத்தை உள்ளே பிடித்து வைக்கும். ஒரு பழைய ஹோஸ் குழாயை நீளமாகக் கீறி வாயில் மாட்டினால் போதும். புகைபடுகிற இடத்தில், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், வாய் சுவரைப் பார்க்கத் தொங்கவிடுங்கள். பிடி மழையில் ஊதிக் கோடையில் சுருங்கும். ஹட்டன் பக்கம் தை, மாசி வறட்சியிலும், பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஆனி தொடங்கி ஆவணி வரை அடிக்கிற காய்ந்த காற்றிலும் ஆணியும் பூணும் தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பாருங்கள். விறகு காயவைக்கவும் அந்தந்தப் பக்கத்துக்கு அதுதான் காலம். கத்தி சும்மா இருக்காது.

வருடக்கணக்கில் தீட்டித் தீட்டி வாய் தேய்ந்து, தோய்த்த பகுதி முடிந்து அரம் வெண்ணெய் போல இறங்கத் தொடங்கினால், அதே கொல்லரிடம் கொண்டுபோங்கள். இரும்பு இன்னும் நல்ல இரும்புதான். திரும்ப அடித்துத் தோய்த்துக் கொடுப்பார். அகலம் குறைந்துவிட்டால், மரக்கறி வெட்டச் சின்னக் கத்தி ஒன்று அதிலேயே கிடைக்கும்.